தர்பூசணி: பெயரும் பயிரும் பாலாறும்

முன்னுரை

விரிஞ்சன் என்பது நான்முகனைக் குறிக்கும் பெயர்களுள் ஒன்று. அவன் வழிபட்ட தலம் என்னும் தலவரலாற்றால் பெயர் பெற்ற விரிஞ்சிபுரம், வேலூருக்கு மேற்கே ஏறத்தாழ 14 கி.மீ. தொலைவில் பாலாற்றங்கரையில் அமைந்துள்ளது. 'விரிஞ்சிபுரம் மதிலழகு' என்று ஊரார் பெருமையுடன் கூறுவர். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் ஆராய்ச்சி நிலையம் ஒன்றும் அவ்வூரில் உள்ளது. பழங்கோயிலும் புதிய வேளாண் ஆய்வும் ஓரூரில் அமைந்திருப்பது பொருத்தமே. இரண்டும் ஆற்றை நம்பி எழுந்தவை.

மாசித் திங்கள் பிறந்ததும் வேலூரிலிருந்து ஆம்பூர் வரை நெடுஞ்சாலையின் இருமருங்கும் ஓலைப்பந்தல்கள் முளைக்கின்றன. பந்தலின் கீழ்ப் பச்சைக் குன்றெனத் தர்பூசணி குவிந்து கிடக்கிறது. அப்பழத்தின் எடையில் நூற்றுக்கு ஏறத்தாழ 92 பங்கு நீர். சற்று அப்பால் பாலாறு மணலாய்க் கிடக்கிறது. நீரில்லா ஆற்றின் கரையில் நீரே உருவான பழத்தை விலை கொடுத்து வாங்கி உண்கிறோம். இம்முரண் நம்மைச் சிந்திக்கத் தூண்ட வேண்டும். தர்பூசணியின் பெயர், வரலாறு, விளைவு, சுவை ஆகியவற்றை முறையே ஆராய்ந்து, அது நம் ஆற்றைப் பற்றி நமக்கு உணர்த்துவது யாது எனக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெயர் வந்த வழி

இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் எனச் சொற்களை நால்வகைப்படுத்தினார் தொல்காப்பியர். பிற நிலங்களிலிருந்து வந்து வழங்கும் சொற்களுக்கு இடமளித்த அந்தப் பரந்த நோக்கே தர்பூசணி என்னும் சொல்லை ஆராய்வதற்கும் துணைநிற்கிறது. பாரசீகத்தில் இப்பழத்திற்குத் 'தர்பூஸ்' என்றொரு பெயர் உண்டு. 'தர்' என்பதற்கு ஈரம் என்பது பொருள். முலாம்பழத்தைக் குறிக்கும் 'கர்பூஸ்' என்பதன் இணையாக இச்சொல் அமைந்தது என்பர். உருதுமொழி வழியே நம்மிடையே வந்த அச்சொல்லைத் தமிழ் மக்கள் அப்படியே விட்டுவிடவில்லை. உருவத்தால் ஒத்த பூசணியை நினைந்து 'தர்பூசணி' என ஆக்கிக்கொண்டனர். வந்த சொல்லுக்கு நம் வீட்டு உடையை உடுத்தி, நம் பந்தியில் அமர்த்திக்கொண்டனர் எனலாம். ஆம்பூர், வாணியம்பாடித் தெருக்களில் உருது பேசுவோர் 'தர்பூஸ்' என்பர். தமிழ் பேசுவோர் 'தர்பூசணி' என்பர். ஒரே வண்டியில் ஒரே பழத்தைத்தான் இருவரும் வாங்குகின்றனர்.

தண்ணீர்ப்பழம் என்பது இதற்குரிய தூய தமிழ்ப்பெயர். மலையாளத்தார் 'தண்ணிமத்தன்' என்பர். மலபார்ப் பகுதியில் 'வத்தக்க' என்னும் பெயரும், ஈழத்தமிழரிடையே 'வத்தகப்பழம்' என்னும் பெயரும் வழங்குகின்றன. அரபு மொழியில் 'பித்தீக்' என்பது போர்த்துகீசியத்தில் 'பத்தேக்கா' ஆகி, அவர்தம் கப்பல்களோடு நம் கடற்கரைகளுக்கு வந்து இவ்வாறு திரிந்தது என்பது மொழியியலார் கருத்து.

பிற நாட்டார் இட்ட பெயர்கள் இன்னும் சுவையானவை. சீனர் இதனை 'மேற்றிசைப் பழம்' என்னும் பொருளுடைய சொல்லால் வழங்குவர். ஈரானியர் இன்று வழங்கும் 'ஹிந்துவானே' என்னும் பெயர் இந்திய நாட்டுப் பழம் எனச் சுட்டுகிறது. இசுபானிய மொழியின் 'சந்தியா' என்னும் சொல்லோ, சிந்து நாட்டது என்னும் பொருளுடைய அரபுச் சொல்லின் வழிவந்தது. கிழக்கே உள்ளவர் மேற்கிலிருந்து வந்தது என்றனர். மேற்கே உள்ளவர் கிழக்கிலிருந்து வந்தது என்றனர். எல்லோரும் அயலார் தந்த கொடையாகவே இதனைக் கருதினர். தமக்கு மட்டுமே உரியது என்று ஒருவரும் உரிமை கொண்டாடாத கனி இது.

பழம் வந்த வழி

இக்கனியின் தாயகம் ஆப்பிரிக்கா. கலகாரிப் பாலைநிலத்துக் காட்டுக்கொடியே இதன் மூதாதை என நெடுங்காலம் எண்ணப்பட்டது. 2021ஆம் ஆண்டில் வெளியான மரபணு ஆய்வு, சூடான் நாட்டுக் கோர்தோபான் பகுதியில் விளையும் வெண்சதைப் பழமே இன்றைய தர்பூசணிக்கு மிக நெருங்கிய உறவு என நிறுவியது. லிபியப் பாலைவனத்து அகழாய்வில் ஏறத்தாழ 5000 ஆண்டுப் பழமையான விதைகள் கிடைத்துள்ளன. கி.மு. 14ஆம் நூற்றாண்டில் ஆண்ட எகிப்திய மன்னன் துத்தன்காமனின் கல்லறையிலும் இதன் விதைகள் காணப்பட்டன. மறுமைப் பயணத்திலும் மன்னனுக்குத் தாகம் எடுக்கும் என்று எண்ணினர் போலும்! பாலைவன மாந்தர்க்கு இது தின்பண்டமாக மட்டும் இருந்ததில்லை. தோலுக்குள் அடைத்துப் பல வாரங்கள் கெடாமல் காக்கப்பட்ட குடிநீராகவும் இருந்தது.

இந்தியாவிற்கு இது ஏழாம் நூற்றாண்டளவிலும், சீனத்திற்குப் பத்தாம் நூற்றாண்டளவிலும் வந்து சேர்ந்தது என்பர். ஐரோப்பாவின் தென்பகுதிக்கு, குறிப்பாக ஸ்பெயின் நாட்டிற்கு, இதனைக் கொண்டு சென்றோர் அரபியர். வேளாண்மையை ஒரு கலையாகவே வளர்த்த மரபு அவர்களுடையது. 12ஆம் நூற்றாண்டில் செவில் நகரில் வாழ்ந்த இப்னுல் அவ்வாம், பயிர்த்தொழில் குறித்துப் பெருநூல் ஒன்று யாத்தார். 14ஆம் நூற்றாண்டுப் பயணி இப்னு பதூதா, குவாரிஸம் நாட்டு முலாம்பழங்களைக் கீற்றுகளாக்கி உலர்த்தி இந்தியாவிற்கும் சீனத்திற்கும் அனுப்பியதைப் பதிவு செய்துள்ளார். பாபர் தம் நாட்டுப் பழங்களை எண்ணி ஏங்கியவர். பல்க் நாட்டுத் தோட்டக்காரர் ஒருவரைக் கொண்டு ஆக்ராவில் தாம் அமைத்த தோட்டத்தில் முலாம்பழத்தை விளைவித்து மகிழ்ந்ததை அவர்தம் நினைவுக்குறிப்பு கூறுகிறது. பேரரசை வென்றவரையும் ஒரு பழத்தின் நினைவு வென்றுவிட்டது.

அண்மைக்கால வரலாற்றில் ஒன்றைக் குறிப்பிடல் வேண்டும். தர்பூசணிக்கு இயல்பாக 22 நிறப்புரிகள் உண்டு. அவற்றை இரட்டிப்பாக்கி 44 ஆக்கிய செடியை இயல்பான செடியோடு கலப்பின், 33 நிறப்புரிகள் கொண்ட கொடி பிறக்கும். அதன் கனியில் முற்றிய விதை இராது. ஜப்பானிய அறிஞர் கிஹாராவும் அவர்தம் குழுவினரும் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இம்முறையைக் கண்டு உலகிற்கு அளித்தனர். இன்று உலக உற்பத்தியில் பாதிக்கு மேல் சீன நாட்டில் விளைகிறது.

விளையும் முறை

தமிழ்நாட்டில் திண்டிவனம், மரக்காணம், மதுராந்தகம் முதலிய பகுதிகள் இப்பயிருக்குப் பெயர் பெற்றவை. நீர் தேங்காத மணற்பாங்கான செம்மண்ணும் வண்டலும் இதற்கு ஏற்றவை. கார்த்திகை முதல் தை வரை விதைத்தால் கோடையின் தொடக்கத்தில் பழம் சந்தைக்கு வரும். குழி எடுத்துத் தொழு உரமிட்டு, குழிக்கு நான்கைந்து விதைகளை ஊன்றி, முளைத்தபின் நன்கு வளர்ந்த இரண்டை நிறுத்தி ஏனையவற்றைக் களைவது பழைய முறை. இக்காலத்தில் மேட்டுப்பாத்தியில் நிலப்போர்வை விரித்துச் சொட்டுநீரில் வளர்ப்போர் மிகுதி. இரகத்திற்கேற்ப 65 முதல் 90 நாட்களில் பலவும், சில நாட்டு இரகங்கள் அதனினும் சற்றுக் காலந்தாழ்த்தும் அறுவடைக்கு வரும். அமெரிக்க நாட்டிலிருந்து வந்த சுகர் பேபி, பெங்களூர் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்க்கா மாணிக், அர்க்கா ஜோதி, நம் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பெரியகுளம் 1 ஆகியவை அறியப்பட்ட இரகங்கள்.

ஒரே கொடியில் ஆண்பூவும் பெண்பூவும் தனித்தனியே பூக்கும். முதலில் ஆண்பூக்களே மிகும். பெண்பூக்கள் பெருகும்பொருட்டு, விதைத்த 15ஆம் நாள் தொடங்கி வாரத்திற்கொரு முறையாக நான்கு முறை, 10 லிட்டர் நீரில் 2.5 மி.லி. எத்ரல் கலந்து தெளிக்குமாறு வேளாண் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. ஆயினும் பூவைக் காயாக்குவது தேனீயே. மலர் ஒரு நாள் காலையில் மட்டும் விரிந்திருக்கும். அப்பொழுதிற்குள் தேனீக்கள் பலமுறை வந்து மகரந்தம் சேர்த்தால்தான் காய் ஒழுங்கான உருவம் பெறும். பூக்கும் பருவத்தில் காலை வேளையில் பூச்சிமருந்து தெளித்தல் ஆகாது என்று உழவர்க்கு அறிவுறுத்துவது இதனாலேயே.

நீர் மேலாண்மையில்தான் உழவரின் தேர்ச்சி வெளிப்படும். கொடி ஓடும் பருவத்திலும் பிஞ்சு பருக்கும் பருவத்திலும் நீர் குறையலாகாது. முற்றும் பருவத்தில் நீரைக் குறைத்தால் இனிப்பு ஏறும். காய்ச்சலுக்குப்பின் ஒரேயடியாக நீர் பாய்ச்சினால் பழம் வெடித்துவிடும். அளவறிந்து கொடுத்தலும் காலமறிந்து நிறுத்தலும் இப்பயிர் கற்பிக்கும் பாடங்கள்.

வடநாட்டில் கங்கை, யமுனை, நருமதை, தபதி ஆகிய ஆறுகளின் மணற்படுகையிலேயே இப்பயிரை வளர்க்கும் வழக்கம் உண்டு. வெள்ளம் வடிந்தபின், வண்டல் படிந்த மணலில் குழிதோண்டி எருவிட்டு விதைப்பர். மேல்மணல் வெயிலில் காய்ந்து கிடந்தாலும் அடிமணலில் ஈரம் தங்கியிருக்கும். வேர் அதனைத் தேடி இறங்கும். மேலே மணலும் கீழே நீருமாக அமைந்த ஆற்றுக்குத் தர்பூசணியே தக்க சான்று. பாலாற்றின் இயல்பும் அதுவே. ஆண்டின் பெரும்பகுதி மேற்பரப்பில் நீர் ஓடாவிடினும், மணலினூடே ஊறும் நீரை ஊற்றுக்கால் வெட்டி வயலுக்குக் கொண்டு சென்ற பாசன மரபு வடஆர்க்காட்டு மரபாகும்.

உண்ணும் இன்பம்

பழத்தைத் தேர்ந்தெடுப்பதும் ஒரு கலை. பறித்தபின் இது மேலும் பழுப்பதில்லை. ஆகவே கொடியிலேயே முற்றியதா என அறிதல் வேண்டும். காம்பை அடுத்த பற்றுக்கம்பி காய்ந்திருத்தல், தரையில் படிந்த பகுதி வெண்மை நீங்கி மஞ்சளாக மாறியிருத்தல், தட்டினால் கூர்மையாக ஒலிக்காமல் அடங்கிய ஒலி தருதல் ஆகியவை முதிர்ச்சியின் அடையாளங்கள். உருவத்தை நோக்கக் கனமாக இருப்பது நல்ல பழம்.

இதன் செந்நிறம் லைக்கோப்பீன் என்னும் இயற்கை நிறமியால் வருவது. தக்காளிக்குச் சிவப்பைத் தருவதும் இதுவே. சதையின் நடுவே காணும் பிளவும் குழியும் மகரந்தச் சேர்க்கைக் குறைவாலும் ஒழுங்கற்ற வளர்ச்சியாலும் ஏற்படக்கூடியவை. 2025ஆம் ஆண்டுக் கோடையில், ஊசிவழி நிறம் ஏற்றப்படுகிறது என்னும் பேச்சு தமிழகமெங்கும் பரவியது. மக்கள் வாங்க அஞ்சினர், விலை வீழ்ந்தது, திண்டிவனம் முதலிய பகுதி உழவர்கள் பெருநட்டம் அடைந்தனர். ஐயம் எழுந்தால் ஆராய வேண்டும். ஆராயாது பரப்பிய சொல், நான்கு மாத உழைப்பை நான்கு நாளில் அழித்துவிடுகிறது. படித்தவர்க்கு இதில் பொறுப்பு மிகுதி.

100 கிராம் பழத்தில் ஏறத்தாழ 30 கலோரி ஆற்றலும் 6 கிராம் சர்க்கரையும் உள்ளன. இப்பழச்சாற்றில் கண்டறியப்பட்ட அமினோ அமிலமான சிட்ருலின், இதன் இலத்தீன் பெயராகிய சிட்ருல்லஸ் என்பதிலிருந்தே பெயர் பெற்றது. நாம் எறிந்துவிடும் வெண்பகுதியைக் கூட்டாகவும் பச்சடியாகவும் சமைக்கலாம். விதையை உலர்த்தி வறுத்து உண்ணலாம்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கனிந்த பேரீச்சம்பழத்தையும் 'பித்தீக்' என்னும் பழத்தையும் சேர்த்து உண்டார்கள் என்றும், ஒன்றன் வெப்பத்தை மற்றதன் குளிர்ச்சி தணிக்கும் என்று கருதினார்கள் என்றும் நபிமொழித் தொகுப்புகளால் அறிகிறோம். அச்சொல் தர்பூசணியைக் குறிக்கிறதா, முலாம்பழத்தைக் குறிக்கிறதா என்பதில் உரையாசிரியர்கள் வேறுபடுவர். எதுவாயினும், உணவில் சமநிலை பேணுதல் என்னும் கருத்து தெளிவு. ரமலான் மாதம் சந்திரக் கணக்கின்படி ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாள் முன்னே வருவதால், சில ஆண்டுகளில் அது கடுங்கோடையில் அமையும். வேலூர் வெயிலில் பகல் முழுதும் நீரருந்தாதிருந்து, பாங்கோசை கேட்டுப் பேரீச்சம்பழத்தால் நோன்பு திறந்தபின், கஞ்சிக் கோப்பையருகே ஒரு கீற்றுத் தர்பூசணியை எடுப்பவர் நீரின் அருமையை நாவாலேயே அறிவார். அந்த அறிவைத் தாகம் தணிந்ததும் மறந்துவிடலாகாது.

ஆறும் பழமும்

வேலூரைப் பற்றி வழங்கும் கேலி மொழி ஒன்றுண்டு. மன்னன் இல்லாக் கோட்டை, கடவுள் இல்லாக் கோயில், நீர் இல்லா ஆறு என அது அடுக்கிச் செல்லும். 1981ஆம் ஆண்டில் கோட்டைக்குள் உள்ள சலகண்டேசுவரர் கோயிலில் இறைவன் திருவுரு நிறுவப்பட்டபோது அவற்றுள் ஒன்று பொய்த்தது. நீர் இல்லா ஆறு என்பது மட்டும் ஆண்டின் பெரும்பகுதி உண்மையாகவே நிற்கிறது. 2021ஆம் ஆண்டு நவம்பரில் பாலாறு கரைபுரண்டு ஓடியது. ஆறு சாகவில்லை என்பதற்கு அதுவே சான்று.

கருநாடகத்து நந்தி மலையில் தோன்றி, 348 கி.மீ. ஓடிக் கடலில் கலக்கும் பாலாற்றின் கரையில்தான் வாணியம்பாடி, ஆம்பூர், மேல்விசாரம், இராணிப்பேட்டை ஆகிய தோல் நகரங்கள் வளர்ந்தன. நீர் இருந்ததால் தொழில் வந்தது. தொழில் வந்ததால் கல்வி வந்தது. 1919இல் வாணியம்பாடியில் இஸ்லாமியாக் கல்லூரி எழுந்தது. 1965இல் மேல்விசாரத்தில் தோன்றிய கல்லூரி, தோல் வணிகரும் கொடைவள்ளலுமாகிய சி. அப்துல் ஹக்கீம் அவர்களின் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஏழை மாணவர் பல்லாயிரவர் பட்டம் பெற்றது இக்கொடையால்தான். நன்றி மறத்தல் தகாது.

அந்நன்றியோடுதான் மற்றதையும் கூறல் வேண்டும். தோல் பதனிடுதலில் முதற்பொருள் உப்பு. உரித்த தோல் அழுகாமலிருக்க உப்பிடுவர். கழுவும்போது அவ்வுப்பு நீரோடு வெளியேறும். நிலத்தில் உப்பு மிகுந்தால், மண்ணில் ஈரம் இருந்தும் வேர் அதனை உறிஞ்ச இயலாது. நீர் நடுவே நின்றும் பயிர் தாகத்தால் வாடும். ஒரு கிலோ தோலைப் பதப்படுத்த ஏறத்தாழ 35 லிட்டர் நீர் வேண்டும் என்றும், வேளாண் பல்கலைக்கழக ஆய்வின்படி ஏறத்தாழ 35,000 எக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிரிடத் தகாததாயிற்று என்றும் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28ஆம் நாள் வழங்கிய தீர்ப்பில் பதிவு செய்தது. 1991இல் வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கு அது. மாசு செய்தவரே ஈடு செய்ய வேண்டும் என்னும் நெறி இந்தியச் சட்டத்தில் வேரூன்ற நம் ஆற்றின் துயரமே காரணமாயிற்று. 1990களில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் தோன்றின. எனினும், 2025 ஜனவரி 30ஆம் நாள் உச்ச நீதிமன்றம் மீண்டும் தலையிட்டு, பாதிக்கப்பட்டோர்க்கு இழப்பீடு வழங்கவும், அதனை மாசு செய்தோரிடம் பெறவும் ஆணையிட வேண்டியதாயிற்று. அளவின்றி அள்ளப்பட்ட மணலும் ஆற்றின் நீர் தாங்கும் ஆற்றலைக் குறைத்தது. எனவே பழியைத் தோல் தொழிலின் மீது மட்டும் சுமத்துதல் நேர்மையன்று.

பயிரும் நீர் குடிக்கவில்லையா என்று தொழில் செய்வோர் வினவலாம். நல்ல வினா. மழைநீரையும் சேர்த்து, ஒரு கிலோ தர்பூசணிக்கு உலகச் சராசரியாக ஏறத்தாழ 235 லிட்டர் நீர் செலவாகிறது என ஆய்வாளர் கணக்கிட்டுள்ளனர். அளவால் அது குறைவன்று. கொடி குடித்த நீர் இலைவழி ஆவியாகி மீண்டும் மழையாகும். கனியில் தங்கியது மாந்தர் தாகம் தீர்க்கும். உப்பேறி வெளியேறிய நீரோ, சேர்ந்த கிணற்றையும் கெடுக்கும். எவ்வளவு நீர் எடுத்தோம் என்பதோடு, எடுத்த நீரை எந்நிலையில் திருப்பித் தந்தோம் என்பதும் கணக்கில் வர வேண்டும். தர்பூசணியும் தன் தோலுக்குள் நீரைத்தான் காக்கிறது. தோலால் வாழும் நாம் நீரைக் காக்கக் கற்றோமா என்பதே கேள்வி.

முடிவுரை

இவ்வாய்வு ஏட்டோடு நின்றுவிடாமலிருக்க மூன்று பணிகளை முன்வைக்க விழைகிறேன். தமிழ்த்துறை மாணவர்கள் விரிஞ்சிபுரம் முதல் வாணியம்பாடி வரை ஆற்றங்கரை ஊர்களுக்குச் சென்று, கொடிப்பயிர்கள் பற்றியும் ஊற்றுக்கால் பாசனம் பற்றியும் முதிய உழவர் வாயில் வழங்கும் சொற்களைத் தொகுத்தல் வேண்டும். அவர்கள் மறைந்தால் அச்சொற்களும் மறையும். வேதியியல் துறையினர் துணையோடு, தத்தம் ஊர்க் கிணற்று நீரின் உப்பளவை மழைக்கு முன்னும் பின்னும் ஆண்டுதோறும் அளந்து, கல்லூரி அறிவிப்புப் பலகையில் எழுதி வைத்தல் வேண்டும். தொழிலையும் கல்வியையும் ஒருங்கே தாங்கி நிற்கும் நம் சமுதாயப் பெரியோர், சுத்திகரிப்புக்குப் பின் வெளியேறும் நீரின் ஆய்வு முடிவுகளை எளிய தமிழில் பொதுமக்கள் அறிய வெளியிடச் செய்தல் வேண்டும். கல்லூரிகளைக் கட்டி எழுப்பிய கைகளுக்கு இது அரிய செயலன்று.

பாலாற்று நீரில் விளைந்த தர்பூசணிக் கீற்று, நம் பிள்ளைகள் நோன்பு திறக்கும் தட்டில் இடம்பெற வேண்டும். அக்கீற்றை அச்சமின்றி உண்ணும் நிலை வருமாயின், முன்னோர் நமக்குத் தந்த ஆற்றை நாம் பின்னோர்க்குத் தந்தவராவோம்.